ஐம்பத்தெட்டு நிமிடம்

காலை பத்து மணி நாற்பத்தொரு நிமிடத்துக்கு என் மகளிடமிருந்து செய்தி வந்தது. "அம்மா, மூச்சு விட முடியல. நெஞ்சு குத்துது. ஏர் ஹோஸ்டஸ்கிட்ட சொல்லிட்டேன்."

அப்போது அவள் அரபிக்கடலுக்கு மேலே முப்பத்தேழாயிரம் அடி உயரத்தில் இருந்தாள். நான் பெங்களூர் காக்ஸ் டவுனில் எங்கள் வீட்டுக் குளியலறை வாசலில் நின்றுகொண்டு, சுவரில் கைப்பிடிக் கம்பி பொருத்த வந்த தச்சருக்கு உயரம் காட்டிக்கொண்டிருந்தேன். என் மகள் ஜெனிக்காகத்தான் அந்தக் கம்பி. லண்டனில் மாடிப்படியில் வழுக்கி விழுந்து கணுக்காலை உடைத்துக்கொண்டவள், காலில் மாவுக்கட்டோடு வீட்டுக்கு வந்துகொண்டிருந்தாள்.

"என்னடா ஆச்சு?" என்று உடனே எழுதினேன். விமானத்து வைஃபை அறுந்திருக்க வேண்டும், அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை. ஒற்றை டிக் அப்படியே நின்றது.

எங்கள் விமான நிறுவனத்தின் ஓய்வு பெற்றோர் சங்கம் ஆண்டுதோறும் ஒரு மலர் போடுகிறது. இந்த வருடம் என்னை எழுதச் சொல்லி மூன்று முறை கேட்டார்கள். "மேடம், அந்தக் காலத்துல கம்ப்யூட்டர் இல்லாம எப்படி டிஸ்டன்ஸ், டைம் எல்லாம் போட்டீங்கன்னு எழுதுங்க, சின்னப் பசங்க ஆசையா படிப்பாங்க" என்றார் செயலாளர். எழுதுகிறேன். ஆசையாகப் படிக்கும்படி இருக்குமா என்று தெரியவில்லை. எங்கள் பழைய தலைமை அதிகாரி குல்கர்னி சாருக்கும் ஒரு பிரதி போகும் என்று தெரியும். போகட்டும்.

முப்பத்திரண்டு வருடம் நான் பார்த்த வேலைக்கு ஃப்ளைட் டிஸ்பாச் என்று பெயர். விமானம் கிளம்புவதற்கு முன், அது எந்த வழியாகப் போகும், எத்தனை மைல், எதிர்க்காற்று எவ்வளவு, எத்தனை மணி நேரம், எவ்வளவு எரிபொருள் என்று கணக்குப் போட்டுத் தாளில் கொடுப்பவர் டிஸ்பாச்சர். அந்தத் தாளில் இரண்டு கையெழுத்து இருக்கும். ஒன்று கேப்டனுடையது, இன்னொன்று எங்களுடையது. கேப்டனைப் பயணிகள் வாசலில் பார்ப்பார்கள். எங்களை யாரும் பார்த்ததில்லை.

பழைய விமான நிலையத்தில் டைப்பிஸ்ட்டாகச் சேர்ந்தேன். உள்ளே இருந்துகொண்டே பரீட்சை எழுதி டிஸ்பாச்சுக்கு மாறினேன். முதல் மூன்று வருடம் சீனியர்கள் போட்ட கணக்கைத் திரும்பப் போட்டுச் சரிபார்ப்பதே வேலை. ஜெனி பிறந்தபோது மூன்று மாதம் வீட்டில் இருந்தேன். திரும்பி வந்தபோது என் மேசையில் கம்ப்யூட்டர் இருந்தது. பயிற்சிக் காலத்தைப் பற்றி இவ்வளவுதான் சொல்ல இருக்கிறது.

தெருவில் யார் பிள்ளையாவது வெளிநாட்டிலிருந்து வருகிறது என்றால் என்னிடம் வந்து கேட்பார்கள். "ஸ்டெல்லாக்கா, சிட்னி எவ்வளவு தூரம்? எத்தனை மணி நேரம் ஆகும்?" நான் உடனே சொல்லிவிடுவேன். அதில் எனக்குப் பெருமையும் உண்டு. ஆனால் நான் சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது. இரண்டு விமான நிலையங்களுக்கு நடுவே ஒரு தூரம் கிடையாது, மூன்று உண்டு. பூமி உருண்டைமேல் நூலை இழுத்துப் பிடித்தால் வருவது ஒன்று. எந்த நாட்டு வானம் மூடியிருக்கிறது, எங்கே சண்டை என்று பார்த்துச் சுற்றிப் போகும் வழி இரண்டாவது. அன்றைக்கு உண்மையில் பறந்து முடித்தது மூன்றாவது. நேரமும் அப்படித்தான். லண்டனிலிருந்து பெங்களூருக்கு ஒன்பதரை மணி நேரத்தில் வரும் விமானத்துக்கு அட்டவணையில் பத்தரை என்று போடுவோம். தாமதமானாலும் 'சரியான நேரம்' என்று அறிவிக்கலாம் அல்லவா? நிமிடங்களை நீட்டவும் சுருக்கவும் எங்களுக்கு நன்றாகத் தெரியும்.

ஜெனியை நேர் விமானத்தில் ஏற்றியதும் நான்தான். அவள் வேண்டாம் என்றாள்.

"நடுவுல ஒரு ஊர்ல இறங்கி ஏறுற ஃப்ளைட்ல வரேன்மா. கொஞ்சம் எந்திரிச்சு நடக்கலாம்."

"கட்டுப் போட்ட காலை வச்சிக்கிட்டு ஏர்போர்ட்ல நடக்கப் போறியா? அதுல பதினாலு மணி நேரம்டி. நேரா வந்தா ஒன்பதரை. எதுக்கு நாலரை மணி நேரம் தண்டம்?"

"உனக்கு எல்லாமே மணிக்கணக்குதான்மா" என்று சிரித்தாள்.

"என் தொழிலே அதானே" என்றேன் நானும் சிரித்தபடி.

இந்தத் தவறை வேறு எந்தத் தாயும் செய்திருக்க மாட்டாள். வேறு யாராக இருந்தாலும் காலைத்தான் நினைத்திருப்பார்கள். மாவுக்கட்டுக்குள் அசையாமல் கிடக்கும் காலில் ரத்தம் கட்டும், கட்டிய ரத்தம் நெஞ்சுக்கு ஏறும் என்று விமானத்தில் வேலை பார்க்கும் சின்னப் பெண்களுக்குக் கூடப் பாடமாகச் சொல்லிக் கொடுக்கிறார்கள். நான் இரண்டு எண்களை எடுத்தேன், சிறியதைத் தேர்ந்தெடுத்தேன்.

குல்கர்னி சாரைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். கடைசிப் பதினோரு வருடம் அவர்தான் எங்கள் தலைமை அதிகாரி. அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. காலையில் வந்ததும் மேசையில் ஒரு ஆரஞ்சுப் பழத்தை வைப்பார். தோலை உடையாமல் ஒரே சுருளாக உரிப்பார். நாம் எதிரில் நின்று பேசிக்கொண்டிருப்போம், அவர் சுளைமேல் இருக்கும் வெள்ளை நாரை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருப்பார். முழுவதும் எடுத்து முடித்த பிறகுதான் நம்மை நிமிர்ந்து பார்ப்பார். எல்லாப் பேச்சும் "நோடி" என்று கன்னடத்தில் தொடங்கும். 'பாருங்கள்' என்று அர்த்தம். பார்க்க வேண்டியது எப்போதும் நாம்தான். என்னை ஒரு நாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, "மிஸஸ் சேவியர்" என்பார். உத்தரவும் போட மாட்டார். "நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று கேட்பார். அவருக்கு வேண்டிய பதில் நம் வாயிலிருந்து வரும்வரை அதையே கேட்பார். வந்ததும், "சரி, உங்க முடிவு. எழுதிக் கொடுங்க" என்பார். அவர் கையெழுத்துப் போட்ட தாள் எங்கள் அறையில் மிகக் குறைவு.

அவர் ஓய்வு பெற்றபோது வெள்ளிக் குத்துவிளக்கு கொடுத்தோம். எனக்குச் சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள். முட்கள் விமான வடிவத்தில் இருக்கும்.

மணிவேல் இறந்தது நான் ஓய்வு பெறுவதற்கு ஆறு வருடம் முன்பு. அந்தப் பெயர் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அன்றைக்கு அவர் எனக்கு இருபத்துமூன்று சி. மஸ்கட்டிலிருந்து பெங்களூர் வரும் விமானத்தில் அந்த இருக்கையில் இருந்த பயணிக்கு நெஞ்சுவலி. பிற்பகல் ஷிஃப்டில் நான் இருந்தேன். பக்கத்தில் மஞ்சுநாத், வேலைக்குச் சேர்ந்து நான்கு மாதம் ஆன பையன். கேப்டன் கேட்டார்: மும்பைக்குத் திருப்பட்டுமா, இல்லை பெங்களூருக்கே வந்துவிடட்டுமா?

கணக்கு மிகச் சுலபம். விமானம் இருக்கும் இடத்திலிருந்து மும்பைக்கு முப்பத்தாறு நிமிடம். பெங்களூருக்கு எண்பத்தெட்டு. நான் தாளை எடுத்துக்கொண்டு குல்கர்னி சாரின் அறைக்குப் போனேன். பாதிப் பழம் உரித்திருந்தார்.

"ஃப்ளைட்ல டாக்டர் யாராவது இருக்காரா?"

"பல் டாக்டர் ஒருத்தர் இருக்காராம் சார்."

"பேஷன்ட் பேசறாரா?"

"பேசறாராம். ரொம்ப வேர்க்குதாம்."

"அப்போ ஸ்டேபிள்." ஒரு நாரை எடுத்துத் தோலின்மேல் வைத்தார். "நோடி, மிஸஸ் சேவியர். மும்பையில இறங்கினா கேட் கிடைக்க அரை மணி. க்ரூவுக்கு டியூட்டி டைம் முடிஞ்சிடும். நூத்தி எழுபது பேரை ஓட்டல்ல போடணும். அம்பத்திரண்டு நிமிஷம்தானே வித்தியாசம்? நீங்க என்ன நினைக்கிறீங்க?"

"மும்பை கிட்ட இருக்கு சார்."

"கிட்ட இருக்கு. சரி. நீங்க என்ன நினைக்கிறீங்க?"

மூன்றாவது முறை கேட்டபோது, "தொடரலாம் சார்" என்றேன். எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, அவர் ஒரு சுளையை என் பக்கம் நீட்டினார். நான் வாங்கிக்கொண்டேன்.

தொடரலாம் என்று செய்தி அனுப்பினேன். கேப்டன் தொடர்ந்தார். கீழே இருக்கும் ஆபீஸ் சொல்வது ஆலோசனைதான், முடிவு கேப்டனுடையது என்று சட்டம் சொல்கிறது. ஆனால் ஆபீஸ் சொன்னதை மீறினால் மறுநாள் எத்தனை படிவம் நிரப்ப வேண்டும் என்பது சட்டத்தில் இல்லை. விமானம் தரையைத் தொடப் பதினான்கு நிமிடம் இருக்கும்போது இருபத்துமூன்று சி பேச்சை நிறுத்தினார். கதவு திறந்தபோது உயிர் இல்லை.

அவர் மனைவி ஒரு வாரம் கழித்து ஆபீசுக்கு வந்தார், கணவருடைய கைப்பையை வாங்கிப்போக. பொம்மனஹள்ளியில் ஒரு கார்மென்ட்ஸில் தையல் வேலை. தமிழ்க்காரி என்று என்னைக் கூப்பிட்டுப் பேசச் சொன்னார்கள். பையிலிருந்த பொருள்களை ஒவ்வொன்றாகப் படித்தேன், அவர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். கையெழுத்துப் போட்டு முடித்ததும் என்னைப் பார்த்துக் கேட்டார்:

"அக்கா, மேல இருக்கும்போது அவருக்கு முடியாமப் போச்சுன்னாங்க. கீழ ஊரு ஒண்ணும் இல்லீங்களா?"

"கடல்தாம்மா இருந்துச்சு" என்றேன்.

"ஆங், கடலா" என்றார். கடலில் என்ன செய்ய முடியும் என்பதுபோல ஒரு தரம் தலையை ஆட்டிவிட்டுப் பையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு போய்விட்டார். மஞ்சுநாத் கதவருகே நின்று இதைக் கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு நாங்கள் இருவரும் அதைப் பற்றிப் பேசியதே இல்லை.

விசாரணை வந்தது. முடிவை எதன் அடிப்படையில் எடுத்தீர்கள் என்று கேட்டார்கள். அடிப்படை என்று ஒன்று இல்லாததால், இனிமேல் இருக்க வேண்டும் என்று குல்கர்னி சார் என்னை ஒரு ஷீட் தயாரிக்கச் சொன்னார். இரண்டு வாரம் உட்கார்ந்து செய்தேன். என் கணக்குகளிலேயே சுத்தமானது அதுதான் என்று அப்போது நினைத்தேன். எங்கள் விமானங்கள் போகும் ஒவ்வொரு வழியையும் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் நேராக எழுதினேன்: அருகிலுள்ள விமான நிலையம், அதற்குத் தூரம், பறக்கும் நேரம், பெங்களூருக்குப் பறக்கும் நேரம், இரண்டுக்கும் வித்தியாசம். கடைசிக் கட்டத்தில் 'திரும்பு' அல்லது 'தொடர்'. பயணி பேசும் நிலையில் இருந்து, வித்தியாசம் நாற்பத்தைந்து நிமிடத்துக்குள் இருந்தால் தொடரலாம். அதற்கு மேல் போனால் திரும்ப வேண்டும்.

குல்கர்னி சார் அதைப் பார்த்தார். சிவப்புப் பென்சிலை எடுத்தார்.

"நோடி, மிஸஸ் சேவியர். நாப்பத்தஞ்சுன்னு போட்டா அரபிக்கடல் முழுக்கத் 'திரும்பு'ன்னு வருது. பாத்தீங்களா?"

"ஆமா சார்."

"அறுபதுன்னு போட்டா?"

விரலை வைத்துக் கீழே இறக்கிக்கொண்டே போனேன். நாற்பத்தொன்பது, ஐம்பத்திரண்டு, ஐம்பத்தைந்து, ஐம்பத்தெட்டு. "எல்லாம் 'தொடர்'னு வருது சார்."

"நீங்க என்ன நினைக்கிறீங்க?"

இந்தத் தடவை ஒரே முறைதான் கேட்டார். நானே அறுபது என்று அடித்துக்கொடுத்தேன். தாளின் அடியில் 'தயாரித்தவர்' என்ற இடத்தில் என் கையெழுத்து. 'ஒப்புதல்' என்ற இடத்தில் துறை முத்திரை மட்டும்.

மணிவேலின் அந்த ஐம்பத்திரண்டு நிமிடம் இப்போது விதிக்கு உட்பட்டதாகிவிட்டது. விசாரணை முடிந்தது.

ஜெனியின் செய்தி வந்த அன்று காலை, பத்து நாற்பத்தொன்றுக்குப் பிறகு நான் செய்த முதல் காரியம், விமானங்கள் எங்கே இருக்கின்றன என்று காட்டும் ஆப்பைத் திறந்தது. ஜெனியின் விமானம் கடலுக்கு நடுவில் சின்ன மஞ்சள் புள்ளியாக இருந்தது. எனக்குக் கால்குலேட்டர் தேவைப்படவில்லை. மும்பைக்கு நாற்பத்தொன்பது. பெங்களூருக்கு நூற்றேழு.

வித்தியாசம் ஐம்பத்தெட்டு.

உள்ளே தச்சர் துளை போட்டுக்கொண்டிருந்தார். "நிறுத்துங்க, நிறுத்துங்க!" என்று கத்தினேன். என் கணவர் சேவியர் மாவுக் கையோடு அடுக்களையிலிருந்து ஓடிவந்தார்.

"என்ன ஸ்டெல்லா?"

போனைக் காட்டினேன். படித்துவிட்டு, "ஒண்ணும் இருக்காது, கேஸா இருக்கும்" என்றார். சொல்லிக்கொண்டே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

ஆபீஸ் எண் இன்னும் எனக்கு மனப்பாடம். எடுத்தது மஞ்சுநாத். இப்போது அவன் டியூட்டி ஆபீசர்.

"ஆ, ஹேளி மேடம்! சொல்லுங்க. எஷ்டு தின, எத்தனை நாள் ஆச்சு உங்க குரல் கேட்டு!"

"மஞ்சு, லண்டன் ஃப்ளைட்ல மெடிக்கல் கேஸ் இருக்கா?"

மஞ்சு குரலைத் தாழ்த்தினான். "உங்களுக்கு எப்படித் தெரியும் மேடம்? அஞ்சு நிமிஷம்தான் ஆச்சு. லேடி பேசெஞ்சர். ஆக்சிஜன் கொடுத்திருக்காங்க. பேசறாங்களாம், ஸ்டேபிள். கன்டினியூ மெசேஜ் அனுப்பியாச்சு."

"யாரு சொன்னது கன்டினியூன்னு?"

"ஷீட்டுதான் மேடம். அம்பத்தெட்டு வருது." கொஞ்சம் தயங்கினான். "நிம்து மேடம். உங்க ஷீட்டு."

"அது ஜெனி."

"யாரு மேடம்?"

"உள்ள இருக்கிறது என் பொண்ணு மஞ்சு. ஜெனி. அவ லண்டன் கிளம்பினப்போ நீ வந்து பிரியாணி சாப்பிட்டியே."

அந்தப் பக்கம் யாரோ இருமினார்கள், ஒரு நாற்காலி நகர்ந்தது. "தேவரே" என்று கடவுளைக் கூப்பிட்டான் மஞ்சு, தனக்குள் சொல்லிக்கொள்வதுபோல.

"மாத்தி அனுப்பு. மும்பைக்குப் போகச் சொல்லு. அந்த அறுபது பொய்டா. நான் நாப்பத்தஞ்சுதான் போட்டேன். அந்த ஆள் மாத்தச் சொன்னார், மாத்தினேன். உனக்குத் தெரியும், நீ அங்கதானே இருந்த?"

"தெரியும் மேடம். ஆனா இது ரெக்கார்டட் லைன்."

"இருக்கட்டும்! ரெக்கார்ட் ஆகட்டும்!"

"ஷீட்டுல இல்லாததை நான் எப்படி அனுப்பறது மேடம்? நாளைக்கு என்னைக் கேட்டா என்ன சொல்வேன்? சீஃபைக் கேக்கறேன். மீட்டிங்ல இருக்கார். ரெண்டு நிமிஷம்."

இரண்டு நிமிடம். அந்த உயரத்தில் இரண்டு நிமிடம் என்றால் முப்பது கிலோமீட்டர். போன் கையில் இருக்கப் புள்ளியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்று சொல்கிறேன், சின்னப் பசங்கள் தெரிந்துகொள்ளட்டும். அந்த ஷீட்டில் ஒரு சூட்சுமம் உண்டு. விமானம் முன்னே வர வர, மும்பைக்கும் பெங்களூருக்கும் உள்ள வித்தியாசம் குறைந்துகொண்டே வரும். ஐம்பத்தெட்டு ஐம்பத்தாறாகும், ஐம்பத்துமூன்றாகும். எவ்வளவு நேரம் யோசிக்கிறோமோ அவ்வளவு தூரம் 'தொடர்' என்பது சரியாகிக்கொண்டே போகும். எதுவும் செய்யாமல் இருப்பவன்தான் கடைசியில் விதிப்படி நடந்தவன். இதை நான் ஷீட் எழுதும்போதே கவனித்தேன். நல்ல வசதி என்றுகூடத் தோன்றியது.

மஞ்சு திரும்பி வந்தான். "மேடம், சீஃப் ஷீட்டை ஃபாலோ பண்ணச் சொல்றார். கீழேர்ந்து ஃபோன்ல ஆலோசனை சொல்ற டாக்டரையும் கேட்டாச்சு. பல்ஸ் ரேட்டு இன்னொரு தடவை பாக்கச் சொன்னாராம்."

"மஞ்சு, கை எடுத்துக் கும்பிடறேன்டா."

அவன் மெதுவாகச் சொன்னான். கோபமாகச் சொல்லவில்லை, அதனால்தான் இன்றுவரை காதில் இருக்கிறது.

"அன்னைக்கு நான் உங்க பக்கத்துலதான் இருந்தேன் மேடம். மும்பை கிட்ட இருக்கேன்னு உங்ககிட்ட சொன்னேன். புதுசா வந்தவன் வாயை மூடுன்னீங்க."

நான் அதை மறந்திருந்தேன். அவன் சொன்ன பிறகுதான் ஞாபகம் வந்தது. அப்படித்தான் சொன்னேன்.

பத்து ஐம்பத்தேழுக்குப் புள்ளியின் மூக்கு திரும்பியது.

முதலில் நம்பவில்லை. ஆப் சில நேரம் இப்படிக் காட்டும். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். தென்கிழக்காக வந்த கோடு இடது பக்கம் வளைந்து மும்பையை நோக்கி நின்றது.

"திரும்புது. சேவியர், திரும்புது! மஞ்சு, நீதானா?"

"நான் இல்லை மேடம்" என்றான். அவன் குரலிலும் ஆச்சரியம். "கேப்டன் ரிப்ளையே பண்ணலை. அவராத் திரும்பறார்."

குளியலறையில் கம்பி ஒரு பக்கம் மட்டும் திருகாணியில் தொங்கிக்கொண்டிருந்தது. தச்சரை அனுப்பிவிட்டு, அடுப்பை அணைத்துவிட்டு, உடுத்தியிருந்த துணியோடு விமான நிலையத்துக்குப் போனோம். ஹெப்பால் மேம்பாலம் ஏறும்போது சேவியர் ஜெபமாலையை எடுத்தார். எனக்கு ஜெபம் வரவில்லை. மும்பைக்கு நேர் தூரம் எவ்வளவு, வழித் தூரம் எவ்வளவு, ஓடுபாதைக்காக எத்தனை நிமிடம் காத்திருப்பார்கள் என்று உதடு பாட்டுக்கு எண்ணிக்கொண்டிருந்தது. ஒன்றே முக்கால் மணி நேரம் என்று அட்டவணை போட்டிருந்த எங்கள் மும்பை விமானம் ஒரு மணி இருபத்தைந்து நிமிடத்தில் தரையிறங்கியது. சரியான நேரத்துக்கு முன்பே வந்து சேர்ந்ததாகப் பெருமையாக அறிவித்தார்கள். யாரோ கை தட்டினார்கள்.

மும்பை ஆஸ்பத்திரிக்குள் நாங்கள் நுழைந்தபோது மணி நாலரை. ஜெனி கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தாள். முகத்தில் முகமூடி, கையில் இரண்டு குழாய்கள். கட்டுப் போட்ட காலைத் தலையணைமேல் தூக்கி வைத்திருந்தார்கள். விரல்கள் வீங்கியிருந்தன. டாக்டர் சின்ன வயதுப் பெண். ஆங்கிலத்தில் நிதானமாகச் சொன்னார். காலில் கட்டிய ரத்தம் நுரையீரலுக்குப் போயிருக்கிறது. கரைக்க மருந்து ஏற்றியாயிற்று. வந்தபோது ரத்த அழுத்தம் விழத் தொடங்கியிருந்தது. இன்னும் இருபத்து நான்கு மணி நேரம் பார்க்க வேண்டும், ஆனால் பிழைத்துக்கொள்வாள் என்றுதான் நினைக்கிறேன் என்றார்.

சேவியர் கேட்டார், "டாக்டர், இன்னும் ஒரு மணி நேரம் கழிச்சு வந்திருந்தா?"

டாக்டர் அவரைப் பார்த்தார். "எதுக்கு அதெல்லாம்? வந்துட்டாங்க இல்லையா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

நாங்கள் வராந்தாவில் உட்கார்ந்தோம். சேவியர் என்னோடு பேசவில்லை. கோபம் இல்லை என்று நினைக்கிறேன். மணிவேல் இறந்த அன்று இரவு நான் சாப்பிடாமல் படுத்ததும், ஷீட் தயாரித்த இரண்டு வாரம் கணக்குத் தாள்களை வீட்டுக்குக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் பரப்பியதும் அவருக்குத் தெரியும். வித்தியாசக் கட்டத்தின் எண்களை அவர் வாசிக்க வாசிக்க நான் சரிபார்த்தேன். ஐம்பத்தெட்டு என்று ஒரு நாள் அவர் வாயாலும் சொல்லியிருக்கிறார்.

ஆறரை மணிக்கு ஒருவர் வந்தார். ஐம்பது வயது இருக்கும். சாதாரணக் கோடு போட்ட சட்டை, கால்சட்டை மட்டும் சீருடை. கையில் ஒரு ஊன்றுகோல். அது ஜெனியுடையது. லண்டனில் வாங்கியது, பிடியில் அவள் சிவப்பு ரிப்பன் சுற்றி வைத்திருந்ததை வீடியோ காலில் பார்த்திருக்கிறேன்.

"ஜெனிஃபர் வீட்டுக்காரங்களா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். "ஆமாங்க" என்று சேவியர் எழுந்ததும், "தமிழா? நல்லதாப் போச்சு, நமக்குத் திருச்சிங்க" என்றார். "அந்த ஃப்ளைட்டை நான்தான் ஓட்டிட்டு வந்தேன். டியூட்டி டைம் முடிஞ்சிருச்சு, இங்க ஓட்டல்ல போட்டிருக்காங்க. இது சீட்டுக்கு மேல கிடந்துச்சு. பாப்பா எந்திரிச்சா தேடும்ல, அதான்."

நான் ஊன்றுகோலை வாங்கிக்கொண்டேன். அதை மார்போடு அணைத்துக்கொண்டு நின்ற என்னை அவர் பிடித்து உட்காரவைத்தார்.

"இப்ப எப்படிங்க இருக்கு?"

"பொழைச்சுக்குவான்னு சொல்றாங்க" என்றார் சேவியர். "சார், உங்களுக்கு நாங்க எப்படி..."

"அட, அதெல்லாம் வேண்டாங்க. எனக்கும் ரெண்டு பொண்ணுங்க இருக்கு." அவர் எதிரில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். களைத்திருந்தார். பேச வேண்டும்போல இருந்திருக்கும். "ஆபீஸ்லேர்ந்து தொடர்ந்து வாங்கன்னுதான் மெசேஜ் வந்துச்சு. நான் அந்தப் பாப்பாவை நேர்லயே போய்ப் பாத்தேன். உதடெல்லாம் நீலம். பிரின்டர்ல பேப்பர் தீர்ந்துபோச்சு, மெசேஜே வரலைன்னு எழுதிக் கொடுத்துட்டேன். என்ன பண்ணுவாங்க, பண்ணிக்கட்டும்."

சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த ஒரு தாளை எடுத்தார். விமானத்தின் பிரின்டரில் வரும் மெல்லிய தாள். பிரித்து, கையை நீட்டித் தள்ளி வைத்துப் படித்தார்.

"இங்க பாருங்க, ஒரு ஷீட்டு நம்பர் வேற போட்டிருக்கான். அம்பத்தெட்டு நிமிஷமாம், அறுபதுக்கு உள்ள வருதாம், அதனால தொடரலாமாம்."

சேவியர் என்னைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார்.

கேப்டன் தாளை மறுபடியும் மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்தார். ஜெனி இருந்த கண்ணாடிப் பக்கம் ஒரு தரம் எட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்:

"எவன் உக்காந்து எழுதினானோ தெரியலைங்க. பிள்ளை குட்டி இல்லாத ஆளா இருக்கும்."